இடிந்தகரை மாதா கோயில்: ஒரு பந்தல், ஆயிரம் நாட்கள்!

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கடற்கரை ஊர்களில் 'சர்ச்' என்று யாரும் சொல்வதில்லை. 'கோயில்'தான். கல்யாணம், காரியம், ஊர்க்கூட்டம், வலைத் தகராறு எதுவானாலும் கோயில் வாசலில்தான் பேசி முடிப்பார்கள். ஆபத்து என்றால் கோயில் மணி அடிக்கும். ஊர் கூடிவிடும்.

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில் உள்ள இடிந்தகரை லூர்து மாதா ஆலயமும் அப்படி ஒரு கோயில்தான். 2011-ல் அதன் வாசலில் போடப்பட்ட ஒரு பந்தல், அந்தச் சிறிய மீனவ ஊரை உலகமே திரும்பிப் பார்க்க வைத்தது.

எப்படி ஆரம்பித்தது?

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் ஒப்பந்தம் போட்டன. ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்டனர். எதிர்ப்பும் அப்போதே தொடங்கிவிட்டது. 1989 மே 1-ம் தேதி கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணி துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. பிறகு சோவியத் யூனியனே உடைந்துபோனதால் திட்டம் கிடப்பில் கிடந்தது. 2002-ல்தான் கட்டுமானம் தொடங்கியது.

2011 மார்ச் 11-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமி தாக்கி அணு உலைகள் வெடித்த காட்சியை எல்லோரும் டி.வி-யில் பார்த்தோம். 2004 சுனாமியை நேரிலேயே பார்த்தவர்கள் இடிந்தகரைக்காரர்கள். அவர்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் உலையில் சோதனை ஓட்டம் நடந்தபோது எழுந்த பெரும் சத்தம் அச்சத்தை இன்னும் கூட்டியது.

செப்டம்பர் 11-ம் தேதி, மாதா கோயில் முன்பு 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினார்கள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 12-வது நாளில், மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தி வைக்கக் கோரித் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது.

பீடி சுற்றியபடியே போராட்டம்

அதன் பிறகு தொடர் உண்ணாவிரதம். நாளுக்கு ஒரு பகுதியினர் என்று முறைவைத்துப் பந்தலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கோஷம் போட்டார்கள். அன்றைய கூலியையும் விட முடியாது, பந்தலையும் விட முடியாது! கடலுக்குப் போன ஆண்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார் நாகர்கோவில்காரர். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் போலீஸ் தேடிய காலத்தில் ஊர்தான் அவரைப் பாதுகாத்தது.

எல்லோரும் இவர்களை ஆதரித்தார்கள் என்று சொல்ல முடியாது. 2012-ல் மாநிலம் முழுக்கப் பல மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். விசிறி ஓடாத வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தவித்தவர்களுக்கு இடிந்தகரை மீது கோபம் வந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள்தான் போராட்டத்தின் பின்னணியில் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங்கே பேட்டி கொடுத்தார்.

2012 மார்ச் 19-ல் தமிழக அரசு உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. 144 தடை உத்தரவு வந்தது. செப்டம்பர் 10-ம் தேதி, அணுமின் நிலையத்துக்கு அருகே கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. பலர் கடலில் குதித்துத் தப்பினர். அதே நாள், தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில், இடிந்தகரை மக்கள் கடலுக்குள் கைகோத்து நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள்.

வழக்குகளின் சுமை

ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் போன்ற பிரிவுகளில் வழக்குகள் பாய்ந்தன. வெளிநாட்டு வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போக நினைத்த இளைஞர்களுக்குப் பாஸ்போர்ட் கிடைப்பதே சிக்கலானது.

'பூவுலகின் நண்பர்கள்' சுந்தர்ராஜன் தொடர்ந்த வழக்கில், 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. கூடவே 15 நிபந்தனைகளையும் விதித்தது. அவற்றில் ஒன்று, மக்கள் மீதான கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்பது. கொஞ்சம் கொஞ்சமாக வழக்குகள் வாபஸ் ஆகின. மீதமிருந்தவற்றையும் திரும்பப் பெறுவதாக 2021-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார்.

2014-ல் போராட்டம் ஆயிரம் நாட்களைத் தாண்டியது. அதற்குள் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இப்போது இயங்குகின்றன. இன்னும் நான்கு உலைகளுக்கான வேலை நடக்கிறது.

அப்படியானால் தோற்றுவிட்டார்களா?

தென்கொரியாவின் சியோல் நகரில் மியோங்டாங் என்ற கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது. 1987-ல் ராணுவ ஆட்சிக்கு எதிராகப் போராடிய மாணவர்களுக்கு அதுதான் புகலிடம் கொடுத்தது. அங்கே ஆட்சி இறங்கிவந்தது, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. இடிந்தகரையில் உலை நிற்கவில்லை.

ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட கதிர்வீச்சு பற்றியும் கழிவு பற்றியும் அதிகாரிகளிடம் கேள்வி கேட்டார்கள். 'விபத்து நடந்தால் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள்?' என்ற அவர்களின் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பாதுகாப்பு நிபந்தனைகள் எழுத்தில் வந்தன. கல்பாக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியிலும் செங்கல்பட்டிலும் வாழும் நமக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்தானே?

தாம்பரத்தில் நாகர்கோவில் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் வள்ளியூரில் இறங்கி இடிந்தகரைக்குப் போகலாம். அடுத்த முறை கன்னியாகுமரி டூர் போகும்போது அந்தக் கோயிலையும் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.