கிட்டாரிலிருந்து சிந்தசைசருக்கு: மண்வாசனை போய்விடுமா?

கிட்டாரோடு நாட்டுப்புறச் சாயலில் பாடிவந்த ஒருவர் சிந்தசைசருக்கு மாறினால், "பழைய பாட்டுதான் நல்லா இருந்துச்சு" என்ற குரல் உடனே எழும். பாட்டில் சோகமும் இருளும் சேர்ந்துவிட்டால், "இந்த வயசுல என்ன சோகம்?" என்றும் கேட்பார்கள். கல்லூரி விடுமுறைகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பகுதிகளிலிருந்து பாட வரும் இளையோரிடம் இந்தக் கவலையை அடிக்கடி காண்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கெடாவில் பிறந்த பாடகி யூனா, மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். தாமே எழுதிய பாடல்களை மைஸ்பேஸ் தளத்தில் பதிவேற்றித்தான் அறிமுகமானார். கிட்டாரும் மென்மையான குரலுமே அன்று அவரது அடையாளம். 2016இல் வெளிவந்த 'சாப்டர்ஸ்' இசைத்தொகுப்பிலோ மின்னணுத் தாளமும் ஆர் அண்ட் பி சாயலும் முன்னுக்கு வந்தன. பிரிவின் வலியைச் சொல்லும் பாடல்கள் பல அதில் உண்டு. ஆனால், 2019இல் வந்த 'ரூஜ்' தொகுப்பை அவர் முடித்தது ஒரு மலாய்ப் பாடலோடு. வாத்தியம் மாறியது, தாய்மொழி அவரை விட்டுப் போகவில்லை.

தமிழில் இதைவிடப் பெரிய சான்று இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர், 1976இல் 'அன்னக்கிளி' மூலம் கிராமத்து இசையைத் திரைக்குக் கொண்டுவந்தார். பத்தே ஆண்டுகளில், 1986இல், அதே கைகள் 'புன்னகை மன்னன்' படத்துக்குச் சிந்தசைசரையும் கணினியையும் பயன்படுத்தின. காதலியின் சாவில் தொடங்கும் அந்தக் கதையின் துயரத்தை மின்னணு ஒலி தாங்கி நின்றது.

சிந்தசைசருக்கும் சோகத்துக்கும் ஏன் இந்த நெருக்கம்? கிட்டார் கம்பியை மீட்டினால் ஒலி உடனே தேயத் தொடங்கும். சிந்தசைசரிலோ விரலை எடுக்கும்வரை ஒரே சுரத்தை நீட்டலாம். 'ஃபில்டர்' கொண்டு கூர்மையான உயர் அதிர்வுகளை வெட்டினால், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பாடுவதுபோல் ஒலி மங்கும். மைனர் சுர வரிசையும் எதிரொலியும் சேர்ந்தால் இருள் தானாகவே கூடிவிடும்.

கிள்ளானிலிருந்து எங்கள் கூடத்துக்கு வரும் ஒரு தங்கை, பாட்டியிடம் கற்ற தோட்டப்புறப் பாடல்களைக் கிட்டாரோடு பாடிப் பள்ளியில் பெயர் வாங்கியவர். பாட்டி இறந்த பிறகு அவர் எழுதிய பாடல் அந்த மெட்டுகளில் அடங்கவில்லை. நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரத்தின் மேல், தாழ்ந்த குரலில் அதைப் பதிவு செய்தார். "இது நம்ம பாட்டு மாதிரி இல்லையே" என்றார் அவருடைய அப்பா. பிறகு வரிகள் எழுதிய தாளை வாங்கிப் படித்தார். பெரட்டு, லயம், ஒட்டுப்பால் என்று பாட்டி பேசிய சொற்கள் அதில் அப்படியே இருந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்.

மண்வாசனை கிட்டாரில் இல்லை. சொல்லிலும், அதைச் சொல்லும் குரலிலும் இருக்கிறது. அதனால்தான் மாற விரும்புகிறவர்களிடம் நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: எல்லா ஒலிகளையும் அணைத்துவிட்டு, வெறும் குரலில் உங்கள் பாட்டைப் பாடிப் பாருங்கள். நின்றால் அது பாட்டு. நிற்காவிட்டால் இன்னும் எழுத வேண்டும். விலை உயர்ந்த கருவி இல்லாததால் நிறம் குறையாது; எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருளும் ஒரு காதணி ஒலிபெருக்கியும் தொடங்குவதற்குப் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை சோகமாகப் பாடினால் உடனே தடுக்காதீர்கள், வரிகளைக் கேளுங்கள். மாணவர்களே, பாட்டில் இறக்கிவைத்த பின்னும் மனப்பாரம் குறையவில்லை என்றால், நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பேசுங்கள். பாட்டு நல்ல துணைதான். ஆனால், எல்லாச் சுமையையும் அது ஒன்றே சுமக்க வேண்டியதில்லை.