ஐம்பது வயது பிரஷரும் எழுபது வயது புத்தியும்

“பிரஷர் நூத்தி அறுபதுன்னு காட்டுது. ஆனா எனக்கு ஒண்ணும் செய்யலையே, மாத்திரை எதுக்கு?” இப்படிக் கேட்கிற ஆண்கள் நிறைய. மாரடைப்பு, பக்கவாதம் என்றால் தலையாட்டுவார்கள். யோசிக்கும் திறனையும் பிரஷர் தேய்க்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஹவாயின் ஓவாஹு தீவில், ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் சுமார் 8,000 பேரை வைத்து 1965-இல் ஓர் இதய ஆய்வு தொடங்கியது. அப்போது அவர்கள் நடுவயதினர். பிரஷரை அளந்து குறித்து வைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, உயிரோடிருந்தவர்களின் நினைவாற்றலையும் கவனத்தையும் சோதித்தார்கள். 1995-இல் முடிவு வெளியானது. வயதையும் படிப்பையும் கணக்கில் கொண்ட பிறகும், நடுவயதில் பிரஷரின் மேல் அளவு 10 கூடினால், முதுமையில் அறிவுத்திறன் மோசமாக இருக்கும் வாய்ப்பு 9 சதவீதம் கூடியிருந்தது. 2000-இல் வந்த தொடர்ச்சி இன்னும் முக்கியம்: நடுவயதில் பிரஷர் மிக அதிகமாக இருந்தும் மருந்தே எடுக்காதவர்களிடம்தான் டிமென்ஷியா ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது.

காரணம் என்ன? மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்ணிய தமனிகள் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கிச் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளுக்கு ரத்தம் போதாமல் போகும். வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகளும் விழும். அதனால் பல சமயம் பெயர்கள் மறப்பதற்கு முன்பே வேகம் குறைகிறது. மளிகை பில்லை மனக்கணக்காகக் கூட்டியவர் பேனாவைத் தேடுவார். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கத் திணறுவார். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இதைத் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. மேல் அளவை 140-க்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட, 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவு. டிமென்ஷியாவில் மட்டும் அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. டீ குடித்த கையோடு அளக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேசாமல் அளக்க வேண்டும்.

எழுபது, எண்பது வயதினருக்கு பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவதும் ஆபத்து. எழும்போது தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நாற்பது தாண்டியவர்கள் இந்த வாரமே ஒருமுறை அளந்து பாருங்கள். ஒன்றும் செய்யாத வயதில்தான் பிரஷரைப் பிடித்து நிறுத்த வேண்டும்.