ஆதாமும் அருச்சுனனும் கூடிய குலமுறை

யாவாத் தீவின் அரண்மனைச் சுவடியொன்றைத் திறக்கின்றோம் என வைத்துக்கொள்வோம். முதலில் நம் கண்ணிற் படுவது எழுத்தன்று; ஒரு வாயில்! எதிரெதிரான இரு பக்கங்களிலும் பொன்னொளி வீசும் வண்ணச் சட்டம் கோபுரவாயில் போல எழுந்து நிற்கும். அதன் நடுவே சிறு கட்டத்துள் சில வரிகள் மட்டும் அடங்கியிருக்கும். இவ்வலங்காரப் பக்கத்தை யாவா மக்கள் 'வதனா' என்பர். நாம் வதனம் என்று வழங்கும் அதே வடமொழிச் சொல்தான். நூலுக்கும் முகம் உண்டு எனக் கருதியோர் அதனை ஒப்பனை செய்யாது விடுவரோ?

இவ்வாறு அணிபெற்ற நூல்களுள் அரசர் குலமுறை கூறுவனவும் உண்டு. சிலவற்றில் பெயர்கள் வட்டங்களுள் எழுதப்பட்டுத் தந்தையும் மைந்தரும் கோடுகளால் இணைக்கப்பட்டிருப்பர். அப்பெயர்களைப் படிக்கும் தமிழ் வாசகர் திகைப்பர். முதற் றந்தை ஆதாம். அவர் மைந்தர் சீத் நபியின் பிள்ளைகளோடு மரபு இரு கிளையாகப் பிரியும். வலக்கிளையில் நபிமாரும், பின்னர் யாவாவில் இசுலாத்தைப் பரப்பிய பெரியாரும் வருவர். இடக்கிளையில் பட்டாரகுரு என அவர்கள் அழைக்கும் சிவபெருமான், பிரமன், அப்பால் நம் பாண்டவர்! அருச்சுனன், அபிமன்யு, பரீட்சித்து என இறங்கி, கெடிரி மன்னன் ஜெயபாயாவையும் மயாபாகித்துப் பேரரசரையும் தொட்டு, மாதரம் அரசரிடம் அது வந்து சேரும். வரலாற்றாசிரியர் இக்கணக்கை ஏலார். எனினும், பழைய தெய்வங்களைத் துரத்தாமல் பாட்டன்மாராக்கி வீட்டிலேயே வைத்துக்கொண்ட அவ்வறிவை நாம் மெச்சாமலிருக்க முடியவில்லை.

வெறும் பெருமைக்காக எழுந்தவையல்ல இவை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மாதரத்தை வலுப்பெறச் செய்த சேனாபதி புதிதாகத் தலையெடுத்தவன். பழைய பேரரசின் உரிமையாளர் எனக் காட்டிக்கொள்ளும் தேவை அவன் வழியினருக்கு இருந்தது. அரியணைப் பூசல்கள் அதனை மேலும் வளர்த்தன. 3ஆம் அமங்குராத் மன்னனை அவன் சிறிய தந்தை ஒல்லாந்தர் துணைகொண்டு வீழ்த்தினான். 1708இல் நாடுகடத்தப்பட்ட அம்மன்னன் வந்துசேர்ந்த இடம் நமது இலங்கை. 1734இல் இங்கேயே இறந்தான். 1755இல் நாடு சுராகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிளந்தது. ஒரே பாட்டனைக் காட்டி உரிமை கொண்டாடும் அரண்மனைகளும் இரண்டாயின.

1812 யூன் 20ஆந் திகதி பேரிடர் நேர்ந்தது. ராபிள்ஸ் துணை ஆளுநராயிருந்த காலத்தில் பிரித்தானியப் படை யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையிட்டது. மன்னன் 2ஆம் ஹமெங்குபுவனன் பினாங்குக்கு அனுப்பப்பட்டான். அவனது நூலகமும் பறிபோயிற்று. வரலாறும் குலமுறையும் கூறிய சுவடிகள் ராபிள்ஸ், குரோபட், மெக்கன்சி ஆகியோர் கைப்பட்டுப் பெரும்பாலும் இங்கிலாந்தை அடைந்தன. தென்னிந்தியாவில் தமிழ் ஏடுகளைத் திரட்டிய அதே கேணல் மெக்கன்சிதான் இவர்.

2019 மார்ச்சில், பிரித்தானிய நூலகத்திலுள்ள யோக்யகர்த்தாச் சுவடிகள் 75இன் எண்மப் படிகள் 10ஆம் ஹமெங்குபுவனரிடம் கையளிக்கப்பட்டன. படங்கள் திரும்பின, தாள்கள் இலண்டனிலேயே இருக்கின்றன.

இம்மன்னருக்குப் புதல்வர் இல்லை, ஐவரும் புதல்வியர். 2015இல் மூத்தவருக்கு 'மங்குபூமி' என்னும் பட்டப்பெயரைச் சூட்டி, அரசுரிமைக்கு வழி திறந்தார். மன்னரின் உடன்பிறந்தார் சிலர் அதனை எதிர்த்தனர். தந்தையிலிருந்து மைந்தனுக்கென இறங்கிவந்த அந்நீண்ட வரிசையில், அடுத்த வட்டத்துள் ஒரு பெண்ணின் பெயர் எழுதப்படுமா என்பதே இப்போது அவ்வரண்மனையின் முன்னுள்ள வினா.