விழாத கால்சட்டையும் குப்பையில் கிடைத்த பெட்டியும்: ஒரு சின்ன நாடகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள்

1953 ஜனவரி 9ஆம் தேதி சாமுவேல் பெக்கெட் தன் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினார். தத்துவம் பற்றி இல்லை, இருத்தலியல் பற்றியும் இல்லை. ஒரு கால்சட்டை பற்றி.

அதற்கு நான்கு நாள் முன்னால்தான், ஜனவரி 5 அன்று, 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' பாரிஸில் முதல் முறையாக மேடையேறியிருந்தது. பெக்கெட் அன்றைக்கு அரங்கில் இல்லை. நகரத்துக்கு வெளியே உஸ்ஸி என்ற ஊரில் இருந்தார். நாடகத்தைப் பார்த்தது அவருடைய துணைவி சூசான். அவர் சொன்ன சேதியில் பெக்கெட்டை உறுத்தியது ஒன்று. கடைசிக் காட்சியில் எஸ்த்ரகோன், தூக்கு மாட்டிக்கொள்ளக் கயிறு வேண்டும் என்று இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்ப்பான். கால்சட்டை கணுக்கால் வரை விழ வேண்டும். அந்த வேடத்தில் நடித்த பியேர் லத்தூர் அதை முழுக்க விழவிடவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது. அது முழுசாக விழுந்தே ஆக வேண்டும், பார்க்க அசட்டுத்தனமாக இருக்கலாம், ஆனால் தனக்கு அது முக்கியம் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

எனக்கு இந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும். ஒரு நாடகம் எத்தனை பேர் கைபட்டு உருவாகிறது என்பது இந்த ஒரு கால்சட்டையிலேயே தெரிந்துவிடுகிறது. எழுதியவர் ஒருத்தர். பார்த்து வந்து சொன்னவர் ஒருத்தர். திருத்த வேண்டிய பொறுப்பு இயக்குநருக்கு. கூச்சத்தை விட வேண்டியவர் நடிகர். இன்னொருத்தரையும் மறந்துடக்கூடாது: கால்சட்டை விழணும்னா அது ஆளுக்குப் பொருந்தாத அளவுக்குத் தொளதொளன்னு இருக்கணும். அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர உடைக்கு ஒரு ஆள் வேண்டும்.

நோட்டீஸில் இரண்டு பேர் பெயர்தான் பெரிசாகப் போடுவார்கள், ஆசிரியரும் இயக்குநரும். மற்றவர்கள் யார், என்ன வேலை பார்க்கிறார்கள்? இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய நாடகங்களில் ஒன்று என்று இப்போது சொல்கிறோமே, அது முதலில் வந்தபோது ஒரு சின்ன நாடகம்தான். அதை வைத்தே பார்க்கலாம்.

கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்

நாடகத்தை பெக்கெட் எழுதி முடித்தது 1949 ஜனவரியில். மேடைக்கு வந்தது 1953 ஜனவரியில். நடுவில் நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தின் கதாநாயகி சூசான் தெஷவோ-துமெனில்.

தன் எழுத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் கேட்கிற சுபாவம் பெக்கெட்டுக்குக் கிடையாது. அந்த வேலையை சூசான்தான் செய்தார். நாவல்களைப் பதிப்பகம் பதிப்பகமாகக் கொண்டுபோனதும் அவர்தான். 1949இல் ரோழே ப்ளேன் என்ற நடிகர்-இயக்குநர், ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் நாடகம் ஒன்றைச் சிறிய அரங்கில் நடத்திக்கொண்டிருந்தார். கூட்டமே இல்லை. ஆனால் நாடகம் எழுதியவருக்கு நேர்மையாக இருந்தது. அந்த ப்ளேனிடம்தான் சூசான் இரண்டு கைப்பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்று 'எலூதெரியா', இன்னொன்று 'கோதோ'.

ப்ளேன் ஏன் கோதோவை எடுத்தார் என்பது ஒரு நல்ல பாடம். எலூதெரியாவில் பதினேழு பாத்திரங்கள், இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் காட்டும் மேடை. கோதோவில் ஐந்தே பேர், ஒரு மரம், ஒரு சாலை. கையில் காசில்லாத இயக்குநர் எதை எடுப்பார்? இலக்கிய வரலாறு என்று நாம் சொல்வதில் பாதி இந்த மாதிரிக் கணக்குதான். எலூதெரியா பெக்கெட் உயிரோடு இருந்தவரை அச்சில்கூட வரவில்லை.

இப்போது இந்த வேலைக்கு நாடக முகவர் என்று பெயர் இருக்கிறது, கமிஷன் இருக்கிறது. சூசானுக்கு எதுவும் இல்லை. கால்சட்டை விழவில்லை என்று கவனித்து வந்து சொன்னதையும் சேர்த்துக்கொண்டால், அந்தக் குழுவில் அவர் பார்த்தது இரண்டு ஆள் வேலை.

காசும் இடமும்

அடுத்தது தயாரிப்பு. நம்மூரில் தயாரிப்பாளர் என்றால் சினிமாக்காரர் முகம்தான் ஞாபகம் வரும். சின்ன நாடகத்தில் தயாரிப்பு என்பது இரண்டு கேள்விக்குப் பதில் தேடுவது. எங்கே போடுவது? காசு எங்கிருந்து?

ப்ளேன் பல அரங்குக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்காத நாடகம், பெண் பாத்திரமே இல்லை, யார் வருவார்கள் என்று தயங்கினார்கள். கடைசியில் இடம் கொடுத்தவர் ழான்-மரி செரோ. ரஸ்பாய் சாலையில் 'பாபிலோன்' என்ற அரங்கை நடத்தி வந்தார், சுமார் 230 இருக்கை. செரோவும் ஏற்கெனவே பண நெருக்கடியில்தான் இருந்தார். 1954இல் அரங்கை மூடியே விட்டார். ஆகவே, கோதோவை ஏற்றுக்கொண்டது லாபக் கணக்கு பார்த்துச் செய்த காரியம் இல்லை. எப்படியும் மூழ்கப்போகிறோம், நல்ல நாடகத்தோடு மூழ்கலாம் என்கிற மனநிலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணத்தில் ஒரு பகுதி, புதிய ஆசிரியரின் முதல் நாடகத்துக்கு பிரெஞ்சு அரசு தரும் மானியம். இன்னொரு பகுதி, இருபது வயதுப் பெண் ஒருத்தி தனக்கு வந்த குடும்பச் சொத்துப் பணத்திலிருந்து கொடுத்தது. அந்தப் பெண் தெல்ஃபீன் செய்ரிக். பிற்பாடு 'மாரியன்பாதில் சென்ற ஆண்டு' படத்தில் நடித்துப் பெயர் பெற்றவர் அவர்தான்.

இயக்குநர், ஆனால் அது மட்டுமில்லை

பெரிய கம்பெனியில் ஒரு ஆளுக்கு ஒரு வேலை. சின்னக் குழுவில் ஒரு ஆளுக்கு மூணு வேலை. ப்ளேன் இயக்குநர். போட்ஸோ வேடத்துக்கு வர வேண்டிய நடிகர் விலகிவிட்டதால் அதையும் அவரே ஏற்றார். போட்ஸோ உருண்டு திரண்ட ஜமீன்தார் மாதிரி ஆள். ப்ளேனோ ஒல்லி. வயிற்றில் திணித்துக் கட்டிக்கொண்டு, தலையில் வழுக்கை ஒப்பனையோடு நின்றார். நிஜ வாழ்க்கையில் அவருக்குத் திக்குவாய் வேறு. மேடையில் கர்ஜிக்கிற போட்ஸோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

இயக்குநரின் வேலை என்பது யோசனைகளைச் சேர்ப்பது மட்டும் இல்லை, விடுவதும்தான். முதலில் ப்ளேனுக்கு இதை ஒரு சர்க்கஸ் வளையத்துக்குள் வைக்கலாம் என்று தோன்றியது. பெக்கெட்டுக்கு அது உவப்பாக இல்லை. ப்ளேன் விட்டுவிட்டார். நடிகர்களின் தோற்றம் பற்றிக் கேட்டபோது பெக்கெட்டால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லாரும் வட்டத் தொப்பி போட்டிருப்பார்கள். மிச்சத்தை ஒத்திகையில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விளாதிமிராக நடித்த லூசியன் ராம்பூர் கேளிக்கை அரங்குகளில் பாட்டும் சிரிப்புமாக நடித்துப் பழகியவர். லக்கியாக வந்த ழான் மார்த்தனுக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். லக்கிக்கு இருப்பது ஒரே ஒரு பேச்சு. ஆனால் கமா, முற்றுப்புள்ளி எதுவும் இல்லாமல் பக்கக்கணக்கில் ஓடும் பேச்சு. அதை உடம்பில் எப்படிக் கொண்டுவருவது? மார்த்தன் ஒரு மருத்துவத் தோழியிடம் போய்க் கேட்டார். பார்க்கின்சன் நோயாளிகளைப் பாருங்கள், நடுக்கம் உடம்பில் தொடங்கிக் குரல் வரைக்கும் வரும் என்று அவர் விளக்கினார். அந்த நடுக்கத்தை எடுத்துக்கொண்டுதான் மார்த்தன் லக்கியை உருவாக்கினார். அந்த மருத்துவர் நாடகக் குழுவில் இல்லை. ஆனாலும் லக்கியில் அவர் பங்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

மரம், பெட்டி, முள்ளங்கி

அரங்க அமைப்பு செர்ழியோ கெர்ஸ்டைன். மரத்தைச் செய்தது எதை வைத்து தெரியுமா? சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர்கள். மேலே க்ரேப் காகிதம் சுற்றினார்கள், அவ்ளோதான். லக்கி சுமந்து வரும் பெட்டியோ காசு கொடுத்து வாங்கியதே இல்லை. அரங்கில் உடை பார்த்துக்கொண்ட அம்மாவின் வீட்டுக்காரர் குப்பை அள்ளும் வேலையில் இருந்தார். வழியில் குப்பையோடு கிடந்த பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, லக்கி ஏன் அதைக் கீழே வைப்பதில்லை என்று இன்று வரை ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நாடகத்தில் 'ஒன்றுமே இல்லாத மேடை' என்று பேச்சுக்குச் சொல்கிறோம். பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்டுப் பாருங்கள். பிரதியை வைத்துக்கொண்டு நான் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். டர்னிப் கிழங்கு, கேரட், முள்ளங்கி, கோழி எலும்பு: மேடையில் கடித்துத் தின்பதால் ஒவ்வொரு காட்சிக்கும் புதுசாக வாங்க வேண்டும். மடக்கு நாற்காலி, கூடை, சாட்டை, புகைக்குழாய், கடிகாரம். லக்கியின் கழுத்துக் கயிறு முதல் பாதியில் நீளம், இரண்டாம் பாதியில் ரொம்பக் குட்டை, ஆக இரண்டு கயிறு. இரண்டாம் பாதி திறக்கும்போது எஸ்த்ரகோனின் பூட்ஸும் லக்கியின் தொப்பியும் மேடையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பத்து நிமிடம் நடிகர்களுக்கு விளையாட எதுவுமில்லை.

இதற்கெல்லாம் பொறுப்பு மேடை நிர்வாகி. பிரதியின் ஓரத்தில் குறித்து வைத்திருப்பார்: இந்த வசனம் முடிந்ததும் விளக்கு இறங்க வேண்டும், இங்கே நிலா ஏற வேண்டும், இங்கே பையன் உள்ளே வர வேண்டும். கோதோவில் இரவு மெல்ல மெல்ல வருவதில்லை, சட்டென்று வரும். ஒரு விநாடி தப்பினால் சோகம் சிரிப்பாகிவிடும். நாடகம் அரங்கேறியதும் இயக்குநர் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மேடை நிர்வாகியின் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

கல்லூரி நாட்களில் ஒரு நாடகத்தில் நானும் 'பின்னால்' இருந்திருக்கிறேன். திரை இழுப்பது, மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது, கடைசிக் காட்சிக்கு முன் மேஜையில் ஒரு தம்ளர் வைப்பது. இரண்டாம் நாள் தம்ளரை மறந்துவிட்டேன். விஷம் குடித்துச் சாக வேண்டிய கதாநாயகன் வெறும் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மாரடைப்பாம்! முதல் நாள் எல்லாம் சரியாக நடந்தபோது என் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. மறுநாள் காலேஜ் முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த வேலைகளின் விதி அதுதான். சரியாகச் செய்தால் கண்ணுக்கே தெரியாது.

கடைசி உறுப்பினர்

பாபிலோனில் எல்லா நாளும் கைதட்டல் இல்லை. ஒரு நாள் லக்கியின் பேச்சுக்குப் பிறகு, நன்றாக உடுத்தி வந்த இருபது பேர் போலக் கூச்சலிட்டு, திரையையே இறக்க வேண்டியதாயிற்று. அந்தச் சர்ச்சையும் கூட்டத்தைக் கொண்டுவந்தது. நாடகம் பிழைத்தது. 1955 ஆகஸ்டில் லண்டனுக்குப் போனது. 1969இல் பெக்கெட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ப்ளேனும் மார்த்தனும் 1957இல் அவருடைய அடுத்த பெரிய நாடகமான 'ஆட்ட முடிவு'க்காக மறுபடி சேர்ந்தார்கள். சூசானும் பெக்கெட்டும் 1961இல் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள்.

பெட்டியைக் கொண்டுவந்த அந்த மனிதரின் பெயரை, நான் படித்தவற்றில் எங்கும் பார்த்ததில்லை. 'உடை பார்த்துக்கொண்ட அம்மாவின் வீட்டுக்காரர்' என்பதோடு சரி. இதை அநியாயம் என்று கத்துவதற்காகச் சொல்லவில்லை. பெக்கெட்டின் எழுத்து இல்லாவிட்டால் அந்தப் பெட்டி குப்பைதான். ஆனால் பெட்டி இல்லாமல் லக்கி மேடைக்கு வர முடியாது என்பதும் உண்மைதானே? மேதைமை ஒரு ஆளிடம் இருக்கலாம். நாடகம் ஒரு ஆளிடம் இருப்பதில்லை.

கோதோவின் இரண்டாம் பாதியில் அந்த மொட்டை மரத்தில் நாலைந்து இலைகள் துளிர்த்திருக்கும். ஒரே இரவில் எப்படித் துளிர்த்தது, நம்பிக்கையா, கேலியா என்று விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் அதற்கு ஒரே ஒரு விடைதான். இடைவேளையில் நீங்களும் நானும் டீ குடிக்க வெளியே போயிருக்கும்போது, யாரோ ஒருத்தர் அவசரமாக வந்து ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த முறை ஒரு சின்ன அரங்கில் நாடகம் பார்த்தால், கையில் தரும் தாளின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் சில பெயர்கள் இருக்கும்.