கீரையைக் கழுவினால் ஈயம் போகுமா?

"டாக்டர், உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியில கீரையை அரை மணி நேரம் ஊற வெச்சுத்தான் சமைக்கிறேன். ஈயம், காட்மியம் எல்லாம் போயிடும்தானே?"

தாய்மார்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். மேலே ஒட்டியிருப்பது போகும். உள்ளே ஏறியது போகாது. இதுதான் பதில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்வது காரீயம்; சித்த நூல்களில் கருவங்கம். இதை மருந்தாக்குவதற்கு முன் பல படிகளில் 'சுத்தி' செய்யவேண்டும் என்பது எங்கள் பாடம். ஆனால் கீரைத் தண்டுக்குள் ஏறிவிட்ட ஈயத்துக்கு உங்கள் சமையலறையில் எந்தச் சுத்தியும் கிடையாது!

எப்படி வருகிறது?

ஈயம் கலந்த பெட்ரோலை நம் நாட்டில் 2000-ம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதுவரை புகையாக வந்து மண்ணில் படிந்த ஈயம் எளிதில் மறைவதில்லை. சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் பாயும் வயல்களில் காட்மியம், குரோமியம் சேர்கின்றன. பாலாற்றுப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது.

பொதுவாகக் கீரைகளில்தான் இவை அதிகம் சேரும். அடுத்தது கிழங்கு வகைகள். புடலை, சுரை, பீன்ஸ் போன்ற காய்களில் குறைவு.

என்ன செய்யலாம்?

* கீரையை வேரோடு ஒரு அங்குலம் தள்ளி நறுக்கி எறியுங்கள். மண் அங்கேதான் ஒட்டியிருக்கும். பிறகு அகலப் பாத்திரத்தில் மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். அடியில் மண் படியாத வரை அலசவேண்டும்.

* உருளை, கேரட், பீட்ரூட்டை முதலில் கழுவி, பிறகு தோலைச் சீவி, மறுபடி ஒருமுறை கழுவுங்கள். முட்டைக்கோஸின் மேல் இலைகளைக் கழித்துவிடுங்கள்.

* கீரைக்காரம்மாவிடம், "எந்தத் தண்ணி பாய்ச்சறீங்கம்மா?" என்று தயங்காமல் கேளுங்கள். கீரையை ஒரே இடத்தில் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள்.

குழந்தைகள் விஷயம்

உள்ளே போகும் ஈயத்தில், பெரியவர்களைவிட 4-5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வெறும் வயிறு, இரும்புச் சத்துக் குறைவு, கால்சியக் குறைவு இருந்தால் உறிஞ்சுவது இன்னும் கூடும். ஆகவே காலைப் பலகாரம் சாப்பிடாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கேழ்வரகு, மோர், பயறு, நெல்லிக்காய் தினசரி ஏதாவது ஒரு வேளையில் இருக்கட்டும்.

"கொத்தமல்லி ஜூஸ் குடிச்சா ஈயம் எல்லாம் வெளியே வந்துடுமாமே?" என்றும் கேட்கிறார்கள். கொத்தமல்லி நல்லதுதான், துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ஈயத்தை வெளியேற்றும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சோகை, அடிக்கடி வயிற்றுவலி, படிப்பில் மந்தம் என்று சேர்ந்து தெரிந்தால், ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரத்தைத் தெரிந்தவர் சொன்னார் என்று நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "இனி வீட்டில் கீரையே வேண்டாம்" என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். கீரையை நிறுத்தினால் இரும்புச் சத்தும் குறையும். இரும்பு குறைந்த உடம்பில்தான் ஈயம் சுலபமாக இடம் பிடிக்கும்!