பல் பிடித்து மலை ஏறும் ரயில்

ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், ஓயி ஆற்றங்கரையை ஒட்டி மலைக்குள் போகிறது ஓயிகாவா என்ற தனியார் நிறுவனத்தின் இகாவா ரயில் பாதை. மொத்தம் 25.5 கிலோமீட்டர். அணை கட்டும் வேலைக்குச் சாமான் கொண்டுபோகப் போட்ட பாதை என்பதால் பெட்டிகள் இன்றும் குட்டிக் குட்டியாகவே இருக்கின்றன. வழியில் ஆப்ட் இச்சிஷிரோ என்று ஒரு சின்ன நிலையம். வண்டி நின்றதும் பயணிகள் பலர் கேமராவோடு இறங்கி வால் பக்கம் ஓடுவார்கள். அங்கே ஒரு மின்சார எஞ்சின் மெல்ல வந்து வண்டியோடு கோத்துக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான் அந்த ஓட்டம்.

வண்டியில் ஏற்கெனவே டீசல் எஞ்சின் இருக்க இன்னொன்று எதற்கு? ரயில் சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் சின்ன நாணயம் அளவுதான். சமதரையில் அது பெரிய வரம். கொஞ்சம் இழுத்தாலே பல நூறு டன் நகரும். மேட்டில் அதே வழுவழுப்பு வினையாகிவிடும். இந்த நிலையத்தைத் தாண்டியதும் பாதை ஆயிரம் மீட்டருக்கு 90 மீட்டர் உயர்கிறது. 100 டன் வண்டி என்றால் ஏறக்குறைய 9 டன் எடை அதைக் கீழே இழுக்கிறது. எஞ்சினின் பிடிமானமோ, தண்டவாளம் காய்ந்திருந்தாலே அதன் எடையில் கால் பங்குதான். மழையில் அதில் பாதி மிஞ்சினாலே பெரிது.

நகாஷிமா அணைக்காகப் பழைய பாதையின் ஒரு பகுதி நீருக்குள் போக இருந்தது. புதுப் பாதை 1.5 கிலோமீட்டருக்குள் மேலே ஏறியாக வேண்டும். அப்போது கைகொடுத்தது, ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் 1882-ல் காப்புரிமை பெற்ற முறை. ஜப்பானின் உசுயி கணவாயில் 1963-ல் கைவிடப்பட்ட அந்த முறை 1990-ல் இங்கே மீண்டும் வந்தது. நிலையத்தின் பெயரிலும் ஆப்ட் சேர்ந்துகொண்டார்.

இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய எஃகுப் பட்டைகள் கிடக்கும். எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஆப்டின் மூளை வேலை செய்தது பட்டைகளை அடுக்கிய விதத்தில். ஒரு பட்டையின் பல்லும் பக்கத்துப் பட்டையின் பல்லும் நேருக்கு நேர் வராதபடி சற்றே தள்ளி வைத்தார். ஒரு பல் விடுபடும் முன்பே அடுத்தது பிடித்துவிடும். பிடி அறுவதே இல்லை, குலுக்கலும் குறைவு.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேலேயே சாயும்.

நம் நீலகிரி மலை ரயிலும் 1899 முதல் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இதே ஆப்ட் பட்டைகளைப் பிடித்துத்தான் ஏறுகிறது. அங்கேயும் எஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான். அடுத்த முறை ஊட்டி போகும்போது, ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் அல்லவா, அப்போது தண்டவாளத்தின் நடுவே பாருங்கள். இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும்.