துப்பாக்கி ஸ்டேஷனில், ஓட்டு கையில்: வேட்டைக்காரர் வீட்டுக் கேள்வி வேட்பாளர் காதில் விழுகிறதா?

2024 மார்ச் 16, சனிக்கிழமை மதியம். டெல்லியில் தேர்தல் ஆணையம் மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தது. நம்மில் பலர் போனில் தேடியது இரண்டே விஷயம்தான். தமிழ்நாட்டுக்கு என்னைக்கு? அன்னைக்கு லீவா?

ஆனால், ஊர்ப்பக்கம் சில வீடுகளில் அன்றைக்கு யோசனை வேறு மாதிரி ஓடியிருக்கும். பரண் மேலே துணி சுற்றி வைத்திருக்கும் துப்பாக்கியை இறக்கி, லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்து, ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதேதான்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீரப்பாளையத்தில் அப்படி ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி, முறையான உரிமம், நெல்லும் உளுந்தும் விளையும் கொஞ்சம் நிலம். தேர்தல் வந்ததும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்துவிடுகிறார். அடுத்த வாரம் வேட்பாளர் வேனில் கையெடுத்துக் கும்பிட்டபடி தெருவுக்குள் வருகிறார்.

இவர் அந்த வேட்பாளரை எதை வைத்து எடை போடுவார்? துப்பாக்கியை வைத்தா?

துப்பாக்கியை ஏன் வாங்கி வைக்கிறார்கள்?

தேர்தல் அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமலுக்கு வருகின்றன. மிரட்டல், மோதல் இல்லாமல் வாக்குப்பதிவு நடக்க வேண்டும் என்பதற்காக, உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கலாம்.

எல்லோரும் கட்டாயம் கொடுத்தாக வேண்டுமா? இங்கேதான் ஒரு ட்விஸ்ட். தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி, மாவட்டத்தில் ஒரு ஆய்வுக் குழு உட்கார்ந்து ஒவ்வொரு உரிமத்தையும் பார்க்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில், அதுவும் தேர்தல் நேரக் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் போன்றோர்தான் முதல் இலக்கு. காரணமே சொல்லாமல் எல்லோரிடமும் மொத்தமாக வாங்கக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தெளிவாகவே சொன்னது. வங்கிக் காவலர்களுக்கும், போட்டிகளில் கலந்துகொள்ளும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றபடி நடைமுறையில், 'எதுக்கு வம்பு' என்று பெரும்பாலானோர் கொடுத்துவிடுகிறார்கள்.

எப்போது திரும்பக் கிடைக்கும்? முடிவு வெளியாகி ஒரு வாரம் கழித்து. 2024 கணக்கைப் பாருங்கள். அறிவிப்பு மார்ச் 16, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. நாம் ஓட்டுப் போட்ட பிறகு 46 நாள் காத்திருந்தோம். துப்பாக்கியோ கிட்டத்தட்ட மூன்று மாதம் ஸ்டேஷனில் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் மார்க் ஷீட், இங்கே?

அமெரிக்காவில் இந்தக் கதையே தலைகீழ். 1871-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம், தேர்தலில் நிற்பவர்களுக்கு 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை கிரேடு போடுகிறது. துப்பாக்கிச் சட்டங்களுக்கு ஆதரவா, எதிர்ப்பா என்பதுதான் பரீட்சை. இந்த மார்க் ஷீட்டைப் பார்த்து ஓட்டுப் போடும் வேட்டைக்காரர்களும் துப்பாக்கி உரிமையாளர்களும் அங்கே உண்டு. துப்பாக்கி வைத்திருப்பது அங்கே அரசியல் சாசன உரிமை, 1791-லிருந்து.

இங்கே அது உரிமை இல்லை, அரசு தரும் அனுமதி. 1959 ஆயுதச் சட்டம்தான் அடிப்படை. விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் மாவட்ட ஆட்சியர். மாநகரங்களில் காவல் ஆணையர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும்; முன்பு மூன்று. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

நம் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கர்நாடகாவின் குடகு மாவட்டத்தில் கொடவர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் உரிமம் இல்லாமலேயே குறிப்பிட்ட வகைத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை அது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அங்கே துப்பாக்கி ஒரு சமூகத்தின் அடையாளம். அதனால் அரசியல்வாதிகள் அதைத் தொட யோசிப்பார்கள்.

கடலூர் மாவட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. துப்பாக்கி உரிமம் பற்றி மேடையில் பேசும் வேட்பாளரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அப்போ இந்த வீடுகளுக்குத் தேர்தலில் கேட்க ஒண்ணுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி துப்பாக்கியைப் பற்றியது இல்லை. துப்பாக்கி எதற்காக வந்ததோ, அதைப் பற்றியது.

வைத்துக்கொள்ளலாம், சுட முடியாது

நம் ஆயுதச் சட்டத்தில் ஒரு சுவாரஸ்யமான பிரிவு இருக்கிறது. 13(3). நிஜமாகவே பயிரைக் காக்கத்தான் என்றால், குழல் வழியாக மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கிறது அது. விவசாயியை மனதில் வைத்து எழுதிய வரி.

அதற்கு 13 வருஷம் கழித்து, 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல், கௌதாரி, காட்டுப்பன்றி எதையும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. வீராணம் ஏரிக்கு வரும் நீர்ப்பறவையைச் சுட்டாலும் வழக்குதான். காடுகளும் பறவைகளும் மிஞ்சியிருக்க இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விவசாயி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தருகிறது, இன்னொரு சட்டம் பயிரை மேய வருவதைச் சுடாதே என்கிறது. வெடிச் சத்தம் காட்டி விரட்டலாம், அவ்வளவுதான்.

சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இது சின்னப் பிரச்சினை இல்லை. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் என்று டெல்டா பக்கம் மூன்று சட்டமன்றத் தொகுதிகள். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் என்று மேட்டுப்பக்கம் மூன்று. மக்காச்சோளம் விளையும் அந்த மேட்டுப்பக்கத்தில் விவசாயியைக் கேட்டால், முதல் புகாரே காட்டுப்பன்றிதான்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழித்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர், விவசாயி இல்லை.

கேரளா வேறு பாதையில் போனது. 2022 மே மாதம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. அந்த உத்தரவின்படி உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் சுடலாம். அதாவது, அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் வேட்பாளரிடமே "பன்றிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க முடியும். இங்கே அதே கேள்வியை எம்.எல்.ஏ வேட்பாளரிடம்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் விதியைப் போட்டது மாநில அரசு.

14 தேர்தல் காத்திருந்த குருவிக்காரர்கள்

விவசாயிக்காவது நிலம் இருக்கிறது. வேட்டையே பிழைப்பாக இருந்தவர்களுக்கு?

சிதம்பரம் தேர் வீதிகளிலும் ரயில் நிலையத்திலும் ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவர்களை எல்லோருக்கும் தெரியும். அரசு ஆவணத்தில் இவர்களின் இன்னொரு பெயர் குருவிக்காரர். தங்களுக்குள் பேசுவது வாக்ரிபோலி. பெயரே சொல்கிறது, குருவி, கௌதாரி பிடித்து விற்றுத்தான் குடும்பம் ஓடியது. 1972 சட்டம் அந்தத் தொழிலைக் குற்றமாக்கியது. அதற்குப் பதிலாக வேறு தொழில் யாரும் கையில் கொடுக்கவில்லை. இன்று பலரும் மணி மாலையும் பலூனும் விற்கிறார்கள். உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்து, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைப்பவர்களும் இவர்களில் உண்டு.

இவர்களின் பெரிய கோரிக்கை துப்பாக்கி அல்ல, ஒரு சான்றிதழ். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். அது நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரில். நடுவில் 57 வருஷம். மக்களவைத் தேர்தல் மட்டும் 14 நடந்து முடிந்துவிட்டது!

ஏன் இவ்வளவு தாமதம்? பழங்குடியினர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க மாநில அரசாலோ ஆட்சியராலோ முடியாது. அரசியல் சாசனப் பிரிவு 342-இன்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். ஓட்டு கேட்டு வந்த ஒவ்வொரு எம்.பி வேட்பாளரும் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி இது.

பட்டியலில் பெயர் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? மாநில அரசின் கல்வி, வேலைவாய்ப்பில் பழங்குடியினர் இட ஒதுக்கீடு 1 சதவீதம். மத்திய அரசில் 7.5 சதவீதம். அதைப் பெற, பிள்ளைக்குக் கையில் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழைத் தருவது கோட்டாட்சியர் அலுவலகம். பள்ளி, முகவரி, ரேஷன் கார்டு, வீட்டு மனைப் பட்டா என்று ஒன்றைப் பிடித்து ஒன்று. ஊர் ஊராகப் போய் மணி விற்கும் குடும்பத்துக்கு அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் சிக்கல்தான்.

87 ஓட்டுக் கணக்கு

"இவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க? இவங்க ஓட்டால என்ன மாறிடும்?" என்று கேட்கத் தோன்றலாம். இந்தப் பகுதியின் தேர்தல் வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது.

2016 சட்டமன்றத் தேர்தல், காட்டுமன்னார்கோவில். விசிக தலைவர் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்தில் அதே திருமாவளவன் ஜெயித்தது 3,219 ஓட்டில். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான் வித்தியாசம். 2024-இல் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அடுத்த தேர்தல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு குடியிருப்பில் 50 குடும்பம், வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வைத்தாலே 100. 87-ஐ விட அதிகம். பன்றி மேய்ந்த சோளக்கொல்லைக்காரர்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் பெரிதாகும். ஆனால் இவர்கள் தனித்தனியாக நிற்கிறார்கள். விவசாயி தன்னை விவசாயியாகப் பார்க்கிறார், நரிக்குறவர் பட்டாவுக்கு மனு எழுதுகிறார். வேட்பாளரின் நோட்டில் இவர்கள் எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

அப்போ யாரிடம் என்ன கேட்பது?

இதுதான் முக்கியம். வேட்பாளர் எதை வேண்டுமானாலும் வாக்குறுதி கொடுக்கலாம். ஆனால் எல்லாம் அவர் கையில் இல்லை.

எம்.பி வேட்பாளரிடம்: ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் வருகின்றன. துப்பாக்கிச் சட்டத்தை மாற்றுவது, பழங்குடியினர் பட்டியலைத் திருத்துவது இரண்டும் நாடாளுமன்றத்தின் வேலை. "லைசென்ஸ் ஈஸியாக்கித் தர்றேன்" என்று ஒரு எம்.எல்.ஏ வேட்பாளர் சொன்னால், சிரித்துவிட்டு நகரலாம்.

எம்.எல்.ஏ வேட்பாளரிடம்: வன உயிரினம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. காட்டுப்பன்றி விதி, பயிர் இழப்பீடு, வனத்துறைக்கு ஆள், வீட்டு மனைப் பட்டா, சான்றிதழ் முகாம் எல்லாம் இங்கே கேட்க வேண்டியவை. "புகார் கொடுத்தா எத்தனை நாள்ல வனத்துறை வரும்?" என்பது நல்ல கேள்வி. "நடவடிக்கை எடுப்போம்" என்பது நல்ல பதில் இல்லை.

உள்ளாட்சி வேட்பாளரிடம்: தெருவிளக்கு, குடிநீர், குடியிருப்புக்குச் சாலை. பழங்குடியினர் குடியிருப்புக்கு இவை வந்தனவா என்று கிராமசபையில் எழுந்து கேட்கலாம்.

எல்லா வேட்பாளரிடமும்: அவர்களின் பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது, போனில் இரண்டு நிமிட வேலை. வழக்குகள் என்ற பகுதியில் ஆயுதச் சட்ட வழக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். உரிமம் வைத்திருக்கும் விவசாயி தன் பழைய துப்பாக்கியை ஒழுங்காக ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருகிறார். ஓட்டு கேட்டு வருபவர் சட்டத்தை எப்படி மதிக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்த தேர்தல் தேதி அறிவிக்கும் அன்று நம் போன்களில் மறுபடியும் லீவு பற்றிய மீம்ஸ் பறக்கும். கீரப்பாளையம் பக்கம் யாரோ ஒருவர் பரணில் ஏணி போட்டு ஏறுவார். ஒப்புகைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும்போது, கொல்லைக்கு வரும் பன்றிக்கும் பிள்ளையின் சான்றிதழுக்கும் வேட்பாளர் ஒரு தேதி சொல்லியிருக்க வேண்டும். துப்பாக்கி எப்போது திரும்பி வரும் என்பதற்கே விதியில் கெடு இருக்கிறது, இதற்கு இருக்கக் கூடாதா?